கேசவன் பெயரில் பந்து வீசியவன்

அன்புத் தம்பிக்கு,

நீ பெர்த் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. போனில் பேசும்போதெல்லாம் அங்கே குளிர் எப்படி, அரிசி எங்கே வாங்குகிறாய் என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். ஆனால் கிளம்புவதற்கு முதல் நாள், ரேஸ் கோர்ஸ் சாலை உணவகத்தில், இலையில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்து கைகழுவப் போன நான் மேசைக்குத் திரும்பவே இல்லை என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். நீ தப்பாக எதுவும் கேட்டுவிடவில்லை. "அப்பா, நாளைக்கு நான் போயிடுவேன். இப்பவாச்சும் ஃபைனலா சொல்லுங்கலா. கேசவன் அங்கிளா, அருள்ராஜா? யாரு பெஸ்ட் பௌலர்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாய். உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நம் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு அது. நான் எப்போதும்போல "கேசவன்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீயும் சிரித்திருப்பாய், பாயசமும் வந்திருக்கும். அந்த ஒரு வார்த்தை அன்றைக்கு வாயில் வரவில்லை. வெளியே வந்து வெயிலில் நின்றுகொண்டேன். உன் அம்மா வந்து கூட்டிப் போனாள்.

ஏன் என்று இப்போது சொல்கிறேன். இது உனக்கு எழுதும் கடிதம்தான், ஆனால் உறையை ஒட்டப் போவதில்லை. கேசவனுக்கும் மணிக்கும் இதில் ஒரு பிரதி போகும். பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறார்களாம். அவர்களுக்கும் ஒன்று போகும். இத்தனை ஆண்டுகள் மூடி வைத்ததை உனக்கு மட்டும் காதில் சொன்னால், அதுவும் மூடி வைத்ததாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாலான் புசார் காப்பிக் கடையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து பேசுவதை நீ எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாய். நான் எங்கள் கிரிக்கெட் குழுவுக்குத் தலைவனாகவும் விக்கெட் கீப்பராகவும் இருந்தவன். கேசவன் எங்கள் வேகப்பந்து வீச்சாளன், அதே தெருவில் இருந்த இரும்புச் சாமான் கடைக்காரரின் மகன். மணி மட்டையையே தொட்டதில்லை. எதிர்க்குழுவில் பந்து வீசிய அருள்ராஜின் மச்சான் அவன். அருள்ராஜ் செத்துப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியும் அவனுக்காக வாதாடிக்கொண்டிருப்பவன். பழைய ஸ்கோர் புத்தகங்களை வரி வரியாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எங்கள் லீக்கில் மட்டையாளர்களை அதிகம் நடுங்க வைத்தவன் யார் என்பதுதான் பேச்சு. மணி எப்போதும் ஒன்றைத்தான் சொல்வான். "அருள்ராஜ் பத்து வருஷம் ஒரே சீரா போட்டான்டா. கேசவனுக்கு ஒரு வருஷம்தான். அந்த ஒரு வருஷம் பேய் புடிச்ச மாதிரி போட்டிருக்கான். அதுக்கு முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல. அது எப்படிலா?" கேசவன் புன்னகையோடு காப்பியைக் கலக்குவான். நான் இடது கையை நீட்டி, "பின்னால நின்னு புடிச்சது இந்தக் கை. இதக் கேளு" என்பேன். மணி கேட்டது சரியான கேள்வி. அது எப்படி என்று தெரிந்தவன் அந்த மேசையில் நான்தான்.

நீ பெர்த் வேலையைப் பற்றி முதலில் சொன்னது சீனப் புத்தாண்டு விடுமுறையில். அதற்கு அடுத்த வாரம் தொடங்கியது அது. மதியம் மூன்று மணி இருக்கும். சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்திருந்தேன். அந்த நேரத்தில் நம் புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி புளோக் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பிள்ளைகள் பள்ளியில், பெரியவர்கள் வேலையில், மின்தூக்கி ஏறி இறங்கும் சத்தம்கூட இருக்காது. நாம் இரண்டாவது மாடி என்பதால் கீழ்த்தளத்தில் யார் செருப்பைத் தேய்த்து நடந்தாலும் மேலே கேட்கும். யாரோ ஓடி வந்தார்கள். ஆணி வைத்த ஷூ சிமெண்டில் படும் சத்தம். எண்ண வேண்டும் என்று நினைக்காமலே எண்ணினேன். பதினொரு அடி. எட்டாவது அடி மட்டும் மற்றவற்றைவிட நீளமாக விழுந்தது. பதினொன்றாவதுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஓடி வந்தவர் நின்றால் நின்ற சத்தம் வேண்டும், திரும்பினால் திரும்பிய சத்தம் வேண்டும். எதுவும் இல்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். கல் மேசை, சங்கிலி போட்ட இரண்டு சைக்கிள், ஒரு பூனை. பூனை எழுந்து நின்றுகொண்டிருந்தது. நான் வந்த பக்கம் அது திரும்பவில்லை. எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை முகம் கழுவும்போதுதான் பார்த்தேன், இடது உள்ளங்கையில் சுட்டுவிரலுக்குக் கீழே எலுமிச்சை வில்லை அளவுக்கு நீலமாகக் கன்றியிருந்தது. கையுறைக்குள் பந்து வந்து மோதும் இடம் அது. நான் கையுறை மாட்டி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. டாக்டர் பார்த்துவிட்டு, ரத்தம் உறையாமல் இருக்க நான் சாப்பிடும் மாத்திரையால் அப்படித்தான் ஆகும், பயப்பட வேண்டாம் என்றார். நானும் அதை நம்பினேன். மூன்றாவது தடவை அந்தச் சத்தம் கேட்டபோது உன் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருங்க இந்த வெயில்ல கீழ ஓடுறது? விழுந்து வைக்கப் போகுது" என்றாள். என் காதில் மட்டும் கேட்கிறது என்று இருந்தவரை அது வயதின் கோளாறாக இருந்தது. உன் அம்மாவுக்கு கிரிக்கெட்டும் தெரியாது, அந்த அடிகளும் தெரியாது. எனக்குத் தெரியும். அப்படி ஓடி வந்தவன் இந்த ஊரில் ஒருவன்தான். அவன் கேசவன் இல்லை, அருள்ராஜும் இல்லை.

அவன் பெயர் முருகேசன். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவன். நாங்கள் லீக்கின் மேல் பிரிவுக்கு ஏறிய ஆண்டு, ஆட்டங்கள் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது கேசவன் கடையில் இரும்புக் குழாய் தூக்கி முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். அந்த ஞாயிறு நான் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போது, ரேஸ் கோர்ஸ் சாலை ஓரத்துப் புல்வெளியில் ஊர்ப் பையன்கள் டென்னிஸ் பந்தில் விளையாடுவதைப் பார்த்தேன். ஒருவன் பதினொரு அடி ஓடி வந்து வீசினான். மட்டையாளன் மட்டையைத் தூக்கவே இல்லை. பையை மரத்தடியில் வைத்துவிட்டு நான் ஒரு மணி நேரம் நின்றேன். குழுவில் சேர்த்துக்கொள்ள ஆசை, ஆனால் பெயர் பதிவு முடிந்துவிட்டிருந்தது. பெர்மிட்டில் வேலைக்கு வந்தவன் என்றால் முதலாளியின் கடிதமும் வேண்டும், அது கிடைக்காது. மேல் பிரிவில் கேசவனின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. "பேர் மட்டும் கேசவன்னு இருக்கட்டும்டா. நீ போடு" என்றேன். அவன் யோசிக்கக்கூட இல்லை. "பந்து கெடைக்குதுல்லண்ணே" என்றான்.

அந்த ஆண்டு முழுக்க அவன்தான் போட்டான். வாய் தவறிவிடக் கூடாது என்று களத்தில் எல்லாரும் அவனைக் கேசவன் என்றே கூப்பிட்டோம். பாதிப் பேருக்கு அவன் உண்மைப் பெயர் கடைசிவரை தெரியாது. எட்டாவது அடியில் இடது காலை நீட்டி ஊன்றுவான். அந்தக் கணத்தில் மட்டையாளனின் தோள் இறுகுவது இருபது கெஜம் பின்னால் நிற்கும் எனக்குத் தெரியும். அவன் பந்து என் கையுறையில் விழும் சத்தத்துக்கு மரத்திலிருந்து புறாக்கள் கிளம்பும். ஆறு நாள் பட்டறையில் உடம்பு நோக வேலை செய்துவிட்டு ஏழாவது நாள் வந்து அப்படிப் போட்டான்.

கடைசி ஆட்டத்தில் பதினேழு ஓவர் ஒரே பக்கத்திலிருந்து அவனைப் போட வைத்தேன். எங்கள் லீக்கில் அப்போது ஒருவர் இத்தனை ஓவர்தான் என்ற கட்டுப்பாடு இல்லை. பதினான்காவது ஓவரில் அவன் என்னிடம் வந்து, "அண்ணே, கையத் தூக்க முடியல" என்றான். தோள் வீங்கியிருந்தது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. "இன்னும் ரெண்டு ஓவர்டா, முடிஞ்சிடும்" என்றேன். மூன்று போட்டான். ஏழு விக்கெட். ஜெயித்தோம். எதிர்க்குழு பேருந்தில் ஏறிப் போன பிறகு, கேசவன் முதுகில் பட்டை கட்டிக்கொண்டு வெள்ளை உடுப்பில் வந்து சேர்ந்தான். படம் எடுக்க வேண்டும், லீக்கின் செய்தித்தாளில் போடுவார்கள். கேசவனை நடுவில் நிறுத்தினோம். கேமராவை முருகேசன் கையில் கொடுத்து, "நீ எடுப்பா" என்றேன். வலது கையைத் தூக்க முடியாமல், இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துத்தான் எடுத்தான்.

அதற்குப் பிறகு அவன் ஸ்கோர் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். ஏழு வரியிலும் கேசவன், கேசவன் என்று இருந்தது. "அண்ணே, ஒரே ஒரு வரியில என் பேர எழுதுங்களேன். பென்சில்லயாச்சும்" என்றான். நான் சிரித்தேன். தம்பி, அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. "அடுத்த வருஷம் ஒழுங்கா பதிஞ்சிடலாம்டா" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிப் பையில் போட்டேன். செவ்வாய்க்கிழமை அவன் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்தான். புதன்கிழமை தமிழ்ச் செய்தித்தாளில் ஒரு மூலையில் எழுத்துப் பிசகிய பெயரும் ஊரும் வயதும் வந்திருந்தன. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விசாரணை வரும், கோப்பை போகும் என்று பயந்தேன்.

அப்போது நான் சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். வியாழக்கிழமை எனக்குப் பிற்பகல் ஷிஃப்ட். சென்னைக்குப் போகும் சரக்குகளைச் சீட்டோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. வரிசையில் துணி மூட்டைகளுக்கும் இயந்திரப் பெட்டிகளுக்கும் நடுவில் நீளமான பெட்டி ஒன்று இருந்தது. சீட்டில் முருகேசன் என்று எழுத்துப் பிசகாமல் அடித்திருந்தது. இந்த ஊரில் அவன் பெயர் சரியாக எழுதப்பட்டு நான் பார்த்த முதல் காகிதம் அதுதான். எடையைச் சரிபார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் நின்றவன் "தெரிஞ்சவங்களா?" என்று கேட்டான். "இல்ல" என்றேன். சனிக்கிழமை எங்கள் குழு மட்டும் கூடிய விருந்தில், லீக் கொடுத்தனுப்பிய சிறந்த பந்துவீச்சாளர் கோப்பையைக் கேசவன் வாங்கியபோது எழுந்து நின்று கைதட்டினேன்.

நம் வரவேற்பறையில் மாட்டியிருக்கிற குழுப் படம் அதுதான். உனக்கு நாலு வயது இருக்கும்போது அதற்கு முன்னால் நாற்காலி போட்டு ஏறி எண்ணுவாய். எண்ணி முடித்து "பன்னெண்டு" என்பாய். பதினொன்று என்று நான் திருத்துவேன். நீ மறுபடியும் எண்ணி, "பன்னெண்டுப்பா. ஒரு அங்கிள் படுத்திருக்காரு" என்பாய். ஒரு நாள் உன் விரல் எங்கே தொடுகிறது என்று குனிந்து பார்த்தேன். சாயங்கால வெயில் படம் எடுத்தவனுக்குப் பின்னாலிருந்து விழுந்திருக்கிறது. புல்லில் எங்கள் கால்வரை நீண்டு கிடப்பது அவன் நிழல். ஒரு முழங்கை மட்டும் உயர்ந்திருக்கிறது. நீ அதைத்தான் எண்ணியிருக்கிறாய். அன்றைக்கு உன்னை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டுக் காரணமில்லாமல் திட்டினேன். நீ அழுதாய். அதற்குப் பிறகு நீ எண்ணவே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டில் அறிவியல் செய்முறைக்கு உனக்குப் பரிசு வந்தது. "அப்பா, முக்கால்வாசி வேல ஃபைசல்தான் செஞ்சான். டீச்சர் என் பேர மட்டும் போட்டுட்டாங்க. சொல்லவா?" என்று கேட்டாய். "பரிசு வந்துச்சுல்ல, விடுடா" என்றேன். நல்ல பிள்ளையாக வந்து கேட்ட உன்னை நான்தான் கெடுத்தேன். இப்போது உனக்குக் கீழே ஏழெட்டுப் பேர் வேலை செய்யப் போகிறார்கள். யார் எதைச் செய்தார்களோ அவர்கள் பெயரை அன்றைக்கே எழுதிவிடு. மறுநாள் எழுதலாம் என்று வைக்காதே. அதற்கு மேல் உனக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

ரேஸ் கோர்ஸ் சாலை விருந்துக்கு மூன்று நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போலக் காப்பிக் கடையில் இருந்தோம். மணி அருள்ராஜைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். கேசவன் அந்தக் கடைசி ஆட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தான். இதை நீ புரிந்துகொள்ள வேண்டும், தம்பி. முதல் சில ஆண்டுகள் யாராவது அந்த ஆட்டத்தைப் பாராட்டினால் கேசவன் சிரித்து மழுப்புவான். பத்து ஆண்டுகளில் தலையாட்ட ஆரம்பித்தான். இருபதில் ஒவ்வொரு பந்தாக விவரிக்கத் தொடங்கிவிட்டான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் கண்ணில் அந்தப் பந்துகள் தெரிந்தன. விழித்துக்கொண்டே கனவு காண்கிறவனின் முகம் அப்போது அவனுக்கு வரும், அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும். அன்றைக்கும், "அந்த இடது கை ஆட்டக்காரனுக்கு உள்ள கொண்டு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, மேசைக்கு அருகில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அலுவலக அட்டை கழுத்தில் தொங்கியது. ஊர்த் தமிழ்.

"சார், இங்க கேசவன்னு ஒருத்தர் வருவாருன்னாங்க. பழைய பௌலர்."

கேசவன் மகிழ்ச்சியோடு, "நான்தாம்மா. உக்காருங்க" என்றான்.

அவள் உட்காரவில்லை. "என் பேரு சுகந்தி. எங்கப்பா முருகேசன். கப்பல் பட்டறையில இருந்தாரு. எனக்கு ரெண்டு வயசு இருக்கும்போது இங்கதான் எறந்துட்டாரு. அவரு போட்ட லெட்டர் எல்லாத்துலயும் நீங்கதான் சார் இருக்கீங்க. இன்னிக்கு கேசவன் அஞ்சு விக்கெட், இன்னிக்கு கேசவன் நாலு விக்கெட்டுன்னு. அவருக்கு அவ்வளவு நெருங்கின ஃபிரண்டு நீங்க. அம்மா இன்னிக்கு வரைக்கும் கேக்கும், அந்த கேசவன் ஏன் ஒரு தடவகூட எட்டிப் பாக்கலன்னு. அதக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

"முருகேசனா? யாரும்மா அது?" என்று கேசவன் உண்மையாகவே கேட்டான். அவனுக்கு அந்தப் பெயரே தெரியாது. அவனைப் பொறுத்தவரை பட்டறையிலிருந்து வந்த ஒரு பையன், அவ்வளவுதான்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு நீலக் காகிதத்தை எடுத்தாள். "கடைசி லெட்டர் சார் இது. பெட்டி வந்து சேர்ந்ததுக்கு அடுத்த வாரம்தான் வந்துச்சு. 'பதினேழு ஓவர் போட்டான் கேசவன், ஏழு விக்கெட். கை தூக்க முடியல, ஆனா பந்து கையை விட்டுப் போறப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு, விழும்னு.' இங்க மட்டும் அவனுக்குன்னு இல்லாம எனக்குன்னு எழுதியிருக்காரு. தப்பா எழுதிட்டாருன்னு அம்மா சொல்லும்." என் இடது கை மேசைக்கு அடியில் விண்விண்ணென்று தெறித்தது. அவள் நின்ற விதம் எனக்குத் தெரிந்த விதம். ஒரு காலை முன்னால் வைத்து, தலையைச் சற்றுச் சாய்த்து. நான் வாயைத் திறக்கவில்லை, தம்பி. அப்போதும் திறக்கவில்லை. "பரவால்ல சார், வேற கேசவனா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அவள் சாலையைக் கடக்கும்போதுதான் எழுந்து பின்னால் ஓடினேன். பேருந்து நிறுத்தத்தில் பிடித்தேன். மூச்சு வாங்க நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். பெயரை, பென்சிலை, பதினான்காவது ஓவரை, சரக்குச் சீட்டை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "அந்தக் கை வலியாலதான் விழுந்தாரா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. தெரியலன்னு சொல்லி நான் தப்பிச்சுக்கவும் முடியல."

இரண்டு பேருந்துகள் வந்து போயின. பிறகு மெதுவாக, "எங்கப்பா நல்லா போடுவாரா?" என்றாள். முப்பது ஆண்டு வழக்குக்கு அங்கேதான் தீர்ப்புச் சொன்னேன். கேசவன் வீச்சுக்கு ஒன்பது ஆண்டுகள் கீப்பராக நின்றிருக்கிறேன். அருள்ராஜுக்கு எதிரே மட்டையோடு நின்று அடி வாங்கியிருக்கிறேன். இரண்டு பேரும் நல்ல பந்துவீச்சாளர்கள். "உங்கப்பா மாதிரி ஒருத்தன் அதுக்கு முன்னாலயும் வரல, பின்னாலயும் வரலம்மா" என்றேன். அவள் தலையாட்டினாள். என் போன் எண்ணை வாங்கிக்கொண்டாள். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல் அடுத்த பேருந்தில் ஏறிவிட்டாள்.

நீ கிளம்பிய வாரம் கேசவனிடம் சொன்னேன். மணியும் இருந்தான். கேசவன் முதலில் கோபப்பட்டான். "என்னடா பேசுற? அந்த ஃபைனல்ல நான்தானே போட்டேன்? லெஃப்ட் ஹேண்டருக்கு உள்ள கொண்டு வந்தேனே?" என்றான். "அன்னிக்கு உன் முதுகுல பட்டை கட்டியிருந்துச்சுடா" என்றேன். நிறைய நேரம் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல. "எனக்கு ஞாபகம் இருக்கேடா" என்று அழுதான். மணி அருள்ராஜ் ஜெயித்துவிட்டான் என்று சொல்லவில்லை. எழுந்துபோய் மூன்று காப்பி வாங்கி வந்து வைத்தான். கேசவன் அந்தச் சிறந்த பந்துவீச்சாளர் கோப்பையைப் பிறகு எனக்குக் கொடுத்தனுப்பினான். அதை நான் என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

சுகந்தி போன ஞாயிற்றுக்கிழமை காலை நம் வீட்டுக்கு வந்தாள். அவளே போன் செய்து கேட்டாள். படத்தைக் காட்டினேன். உன் விரல் பட்ட இடத்தையே அவளும் தொட்டாள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உன் அம்மா தோசை வார்த்தாள், அவள் இரண்டு சாப்பிட்டாள். பிறகு, "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க அங்கிள். நான் சொன்னா அழுதுடுவேன்" என்று ஊருக்கு வீடியோ அழைப்புப் போட்டு என் முன்னால் வைத்தாள். நரைத்த தலையோடு ஒரு பெண்மணி முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் அவர் கேட்டது நான் எதிர்பார்த்த எதையும் அல்ல.

"அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு காட்டணும். கொஞ்சம் இருங்க."

படம் ஆடியது. ஒரு மாட்டுக்கொட்டகை, கூரைக் கழி, அதில் தொங்கும் பாலிதீன் பை. அதிலிருந்து ஒரு வெள்ளைக் கால்சட்டையை எடுத்து விரித்துப் பிடித்தார். "அவரோட சாமான் பையில இது இருந்துச்சு. அவரு அளவே இல்ல, இடுப்பு ரெண்டு சுத்து வரும். யாரோடதுன்னே தெரியல. தொடையில பாருங்க, எம்புட்டு ரத்தம். முப்பது வருஷமாச்சு, இன்னும் கருக்கல. ரத்தம்னா கருக்கணும்ல? அவருக்கு உசுரு அடங்கல, எரிச்சிருன்னு ஊரே சொல்லுச்சு. எரிக்க மனசு வரல. வீட்டுக்குள்ள வைக்கவும் பயம். புள்ளைய ஒருநாளும் தொடவிட்டதில்ல."

சுகந்தி அதுவரை அதைப் பற்றி என்னிடம் சொன்னதே இல்லை. வலது தொடையில் நீளமாக, மேலிருந்து கீழாக, சிவப்பு. அந்தக் கால்சட்டையை எனக்குத் தெரியும். சிராங்கூன் சாலைத் தையல்காரரிடம் நான் தைத்தது. அவனிடம் வெள்ளை உடுப்பு இல்லை என்று முதல் ஆட்டத்தன்று நான்தான் கொடுத்தேன். இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொள்வான்.

"அம்மா, அது என் கால்சட்டைம்மா. அது ரத்தம் இல்ல. பந்தோட சாயம். பந்து செவப்பா இருக்கும். பளபளப்பு போகக் கூடாதுன்னு வீசுறவங்க தொடையில வச்சுத் தேச்சுக்கிட்டே இருப்பாங்க. அந்த வருஷம் பூராவும் தேச்சிருக்கான். அதான் போகல."

அவர் கால்சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அங்கே ஒரு மாடு கழுத்தை ஆட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப விழுந்தன்னிக்குப் போட்டிருந்தது இல்லையா இது?"

"இல்லம்மா. ஜெயிச்சன்னிக்குப் போட்டிருந்தது. ஏழு பேர வீழ்த்தினன்னிக்கு."

அவர் அந்தச் சிவப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். அதற்கு முன் அந்தக் கறையை அவர் தொட்டதே இல்லை என்பது வைத்த விதத்திலேயே தெரிந்தது. சுகந்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ இத வீட்டுக்குள்ள கொண்டு போலாமாண்ணே?" என்றார்.

"கொண்டு போங்கம்மா" என்றேன்.

போனை அணைக்க மறந்துவிட்டார். அதைக் கையோடு தொங்கவிட்டபடி நடந்தார். முற்றத்து மண்ணும், அவர் பாதமும், பிறகு படியும், நிலையும், உள்ளே சாணம் மெழுகிய தரையும் தலைகீழாக எங்களுக்குத் தெரிந்துகொண்டிருந்தன.

உன் அப்பா